முதலில் தராசு, பிறகு சவர்க்காரம்



வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய சிறு தொழில்களைப் பற்றி இப்பகுதியில் மாதந்தோறும் எழுதி வருகிறேன். கோழி வளர்ப்பு, ஊறுகாய், பனையோலைப் பின்னல் என்று எழுதியபோதெல்லாம் ஓரளவு தெரிந்தவளாகவே எழுதினேன். இம்முறை அப்படியல்ல. சவர்க்காரம் செய்வதில் நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவள். ஒரு தடவை பெரிய பிழை விட்டவள். அந்தப் பிழையையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சவர்க்காரத்தின் அருமையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்து களியெடுத்து உடுப்புத் தோய்த்தோம். தோய்த்த உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டுக் காவல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பனங்களி மணத்துக்கு மாடு வந்து சப்பிவிடும். 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தபோது நிவாரணப் பொதியில் வந்த ஒரு கட்டியை நூலால் மூன்றாக அறுத்து, ஒரு துண்டு குளிக்க, ஒரு துண்டு தோய்க்க, ஒரு துண்டு பக்கத்துக் கூடாரத்துக்கு என்று பகிர்ந்தோம். 2022இல் நாட்டில் நெருக்கடி வந்து விலைகள் ஏறியபோது, கடையில் சவர்க்காரத்தை எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே, மறு ஆண்டு எங்கள் பகுதியில் சவர்க்காரத் தயாரிப்புப் பயிற்சி நடக்கப்போகிறது என்றதும் முதலாவதாகப் பெயர் கொடுத்தேன்.

மூன்று நாள் பயிற்சியும் ஒரு கோப்பையும்

மூன்று நாட்கள் பயிற்சி. முதல் நாள் உரைகள். இரண்டாம் நாள் செய்து காட்டினார்கள். மூன்றாம் நாள் சான்றிதழும் ஒரு பொதியும் தந்தார்கள். பொதியில் ஒரு பக்கற் கோஸ்டிக் சோடா, ஒரு சோடி கையுறை, அச்சுப் பெட்டி இரண்டு இருந்தன. தராசு இருக்கவில்லை. அளவெல்லாம் கோப்பையால்தான். ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சிறிய கோப்பை கோஸ்டிக் சோடா, இரண்டு கோப்பை தண்ணீர். "சமையல் மாதிரித்தான், பயப்பிடாதேங்கோ" என்றார் சொல்லித்தந்தவர்.

பொதியில் கிடைத்த சோடாவில் நான் செய்த சவர்க்காரம் நன்றாகத்தான் வந்தது. பார்த்த கடைக்கார அண்ணை, "பிள்ளை, கோயில் திருவிழாவுக்கு முப்பது கட்டி செய்து தாரும்" என்று சொல்லி முற்பணமும் தந்தார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. பொதிச் சோடா முடிந்துவிட்டதால் கிளிநொச்சிக்குப் போய் வேறொரு பக்கற் வாங்கினேன். மூன்று போத்தல் எண்ணெய் வாங்கினேன். அதே கோப்பையால் அளந்து, அதே மாதிரிச் செய்தேன். முப்பது கட்டிகளும் பால் வெள்ளையாக வந்தன.

பத்து நாள் கழித்து மாமிக்கு ஒரு கட்டியைக் கொடுத்தேன். மாமி என் கணவரின் தாய். மகன் இல்லாத வீட்டில் என்னோடும் பிள்ளைகளோடும் இருப்பவர். "எப்பிடி மாமி?" என்று கேட்டேன். "நல்லாயிருக்கு பிள்ளை" என்றார். இரண்டு நாள் கழித்து அவர் சோற்றுக் கோப்பையைப் பிடிக்கும்போதுதான் கைகளைப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து, விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருந்தது.

"ஏன் மாமி சொல்லேல்லை?"

"நீ ஆசையாச் செய்தனீ. உன்ரை மனம் நோகுமெண்டு விட்டிட்டன்."

அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. முப்பது கட்டியும் திருவிழாவுக்குப் போயிருந்தால் எத்தனை கைகள், எத்தனை குழந்தைகளின் உடம்புகள்? எங்களோடு இருப்பவர்கள் எங்கள்மேல் உள்ள அன்பினால் உண்மையைச் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடிய வேறொன்று வேண்டும். அதைத்தான் இந்த முறை உங்களுக்குச் சொல்ல வருகிறேன். அது தராசு.

பிழை எங்கே நடந்தது?

கையில் மிஞ்சியிருந்த காசில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு வாங்கினேன். பழைய பக்கற்றின் அடியில் மிச்சமிருந்த சோடாவைப் பார்த்தேன். அது செதில் செதிலாக இருந்தது. நான் புதிதாக வாங்கியது சீனி மணி போலச் சிறு உருண்டைகள். செதில்களுக்கு இடையில் காற்றிடம் கூட. மணிகள் நெருங்கி இறங்கும். தோழி ஒருத்தியிடம் இருந்த செதிலை வாங்கி, அதே கோப்பையை நிரப்பி நிறுத்தேன். செதில் 118 கிராம். மணி 148 கிராம். ஒரே கோப்பைதான், வித்தியாசம் 30 கிராம்.

ஒரு போத்தல், அதாவது 750 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 690 கிராம் நிறை. அவ்வளவு எண்ணெயும் முழுவதுமாகச் சவர்க்காரமாக மாற ஏறத்தாழ 126 கிராம் கோஸ்டிக் சோடா போதும். நான் போட்டது 148. மிஞ்சிய 22 கிராம் சோடா சேர எண்ணெய் இல்லாமல் கட்டிக்குள்ளேயே இருந்தது. அதுதான் மாமியின் கையை அரித்தது. எத்தனை மாதம் காயவிட்டிருந்தாலும் அவ்வளவு சோடா தானாகப் போயிருக்காது.

கடைக்கார அண்ணையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முற்பணத்தை இரண்டு தடவையாகத் திருப்பிக் கொடுத்தேன். முப்பது கட்டியில் ஒன்றையும் விற்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரில் கரைத்து மலசலகூடம் கழுவப் பயன்படுத்தினேன். மூன்று போத்தல் எண்ணெய்க்காசு அப்படிப் போயிற்று.

சவர்க்காரம் என்றால் என்ன?

எண்ணெயும் கோஸ்டிக் சோடாவும் சேர்ந்து மாறி உண்டாகும் புதிய பொருள்தான் சவர்க்காரம். அதோடு கிளிசரினும் உண்டாகும். அளவு சரியாக இருந்தால் முடிவில் சோடா மிஞ்சாது. கோஸ்டிக் இல்லாமல் கட்டிச் சவர்க்காரம் செய்ய முடியாது. ஆயத்தச் சவர்க்காரத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது வேறு வேலை. அதற்குள்ளும் கோஸ்டிக் முன்பே சேர்ந்து மாறியிருக்கிறது.

இந்தச் சோடா எங்களுக்கு அந்நியமானதல்ல. எங்கள் மாவட்டத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் 1950களிலிருந்து செய்யப்பட்டது அதுதான். ஆனையிறவு உப்பளத்து உப்பைத் தண்ணீரில் கரைத்து அதனூடாக மின்சாரம் செலுத்தினால் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். 1980களின் நடுப்பகுதியில் போரினால் அந்த உற்பத்தி நின்றது. உப்பளம் போருக்குப் பின் மறுபடி இயங்குகிறது. நான் வாங்கிய பக்கற்றில் வெளிநாட்டின் பெயர் இருந்தது.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் சோடா வேறு. இதை நன்றாக மனத்தில் வையுங்கள். 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராம் சோடா வேண்டும். 1 கிலோ வேப்பெண்ணெய்க்கு 139 கிராம், நல்லெண்ணெய்க்கு 134 கிராம்தான் வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு எழுதிய அளவை வைத்துக்கொண்டு நல்லெண்ணெயில் செய்தால், தராசில் நிறுத்தாலும் தோல் உரியும்.

இந்தக் கணக்கிலிருந்து எப்போதும் கொஞ்சம் குறைத்தே போடவேண்டும். குறைத்தால் சிறிது எண்ணெய் மாறாமல் நின்று தோலுக்கு மெதுமை தரும். கூட்டினால் அரிக்கும். தனித் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் அழுக்கை நன்றாக எடுக்கும். ஆனால் தோலை வறட்டும். ஆகவே குளிக்கும் கட்டிக்கு ஐந்தில் ஒரு பங்கு சோடாவைக் குறைக்கிறோம். உடுப்புத் தோய்க்கும் கட்டிக்கு இருபதில் ஒரு பங்கு குறைத்தால் போதும்.

தொடங்குபவர்களுக்கு ஒரு சிறிய அளவு

தேங்காய் எண்ணெய் 500 கிராம்
தண்ணீர் 165 கிராம்
கோஸ்டிக் சோடா, குளிக்கும் கட்டிக்கு 73 கிராம். தோய்க்கும் கட்டிக்கு 87 கிராம்

மூன்றையும் தராசில்தான் நிறுக்க வேண்டும், தண்ணீரையும் எண்ணெயையும்கூட. இதற்குக் கூடுதலாக முதல் தடவை செய்யாதீர்கள். பிழைத்தால் அரைக் கிலோ எண்ணெயோடு போகட்டும். வாசனைத் தைலம், நிறம் எதுவும் முதல் இரண்டு தடவைக்கு வேண்டாம். பிழை வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

சோடாவைத் தொடுவதற்கு முன்

1. நீண்ட இறப்பர் கையுறை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காலுக்குச் செருப்பல்லாமல் மூடிய சப்பாத்து. கண்ணாடி இல்லாமல் ஒருபோதும் செய்யாதீர்கள்.

2. அலுமினியச் சட்டி, அலுமினிய அகப்பை கூடாது. கோஸ்டிக் அலுமினியத்தை அரித்துப் பொங்கும். தீப்பற்றக்கூடிய வாயுவும் வெளிவரும். எவர்சில்வர் அல்லது சூடு தாங்கும் தடித்த பிளாஸ்ரிக் பாத்திரம் எடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் சூட்டில் வெடிக்கக்கூடும். இந்தப் பாத்திரங்களைப் பிறகு சமையலுக்கு எடுக்கவேண்டாம்.

3. வீட்டுக்கு வெளியே, கிணற்றடிக்கு அண்மையில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள். பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் நேரமே நல்லது. ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

4. தண்ணீருக்குள்தான் சோடாவைப் போடவேண்டும். சோடாவுக்குள் தண்ணீரை ஊற்றினால் கொதித்துச் சிதறும்.

5. தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். வினாகிரி, தேசிக்காய் பூசவேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஆயத்தம் செய்யுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

6. மிச்சச் சோடாவைக் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் போத்தலில், 'நஞ்சு' என்று எழுதி, பூட்டிவையுங்கள். சோடாப் போத்தல், தண்ணீர்ப் போத்தல், தேநீர்க் கோப்பை போன்றவற்றில் ஒருபோதும் வைக்கவேண்டாம். பூட்டு என்பது பிள்ளைகளுக்காக மட்டுமல்ல. மனம் உடைந்திருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தாலும் அது பூட்டில் இருக்கவேண்டும். காற்றுப்பட்டு ஈரமாகிக் கட்டிபட்ட சோடாவைப் பயன்படுத்தாதீர்கள். அதன் நிறையில் பாதி எதுவென்று தராசுக்கும் தெரியாது.

செய்முறை

தண்ணீரை நிறுத்து, அதற்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, தடியால் மெதுவாகக் கலக்குங்கள். அடுப்பு இல்லாமலே கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். மூக்கில் ஏறும் ஆவியும் வரும். முகத்தை அதற்கு மேல் கொண்டுபோகாதீர்கள். தெளிந்து, பாத்திரத்தின் வெளிப்பக்கம் இளஞ்சூடாகும் வரை விடுங்கள். எங்கள் வெக்கைக்குத் தேங்காய் எண்ணெய் உருகியே இருப்பதால் அதைச் சூடாக்கத் தேவையில்லை.

கரைசலை எண்ணெய்க்குள் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குங்கள். கையால் கலக்கினால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை போகலாம். கை உளைந்தால் சில நிமிடம் விட்டுத் தொடரலாம். முதலில் கஞ்சி போலவும் பிறகு கூழ் போலவும் வரும். அகப்பையால் அள்ளி மேலே கோடு போல விட்டால், அந்தக் கோடு உடனே அமிழாமல் சிறிது நேரம் நிற்கவேண்டும். அதுதான் பதம். அதற்கு முன் அச்சில் ஊற்றினால் எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்.

அச்சுக்குக் காசு செலவழிக்கவேண்டாம். பழைய ஐஸ்கிறீம் பெட்டிக்குள் எண்ணெய்க் கடதாசி விரித்தால் போதும். ஊற்றி மூடி, பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

இங்கேயும் நான் ஒரு பாடம் படித்தேன். பயிற்சியில் "மறுநாள் வெட்டலாம்" என்றார்கள். தனித் தேங்காய் எண்ணெய்க் கட்டி கெதியில் இறுகும். மறுநாள் கத்தி வைத்தால் கல்லுப் போல உடைந்து நொறுங்கும். நாலு மணி நேரத்துக்குப் பிறகு அடிக்கடி பாருங்கள். ஆறிய தொதல் மாதிரி இருக்கும்போது வெட்டவேண்டும். எனக்குப் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கத்தியைவிடத் தங்கூசி நல்லது. இரு முனையையும் தடியில் கட்டி இழுத்தால் நேராக அறுபடும். முகாமில் நூலால் அறுத்த கை என்பதால் எனக்கு அது சுலபமாக வந்தது. அன்று ஒரு கட்டியை மூன்றாக்கினேன். இன்று ஒரு பெட்டியிலிருந்து ஏழு கட்டி வருகிறது. வெட்டும்போதும் கையுறை அவசியம். இன்னும் சோடா முழுதாக மாறியிருக்காது.

நாலு வாரப் பொறுமை

வெட்டிய கட்டிகளைச் சுளகில் கடதாசி விரித்து, ஒன்றோடொன்று முட்டாமல், நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள். சில நாளுக்கு ஒருமுறை திருப்பிவிடுங்கள். சோடா எண்ணெயோடு சேர்வது ஓரிரு நாளில் முடிந்துவிடும். ஆனால் உள்ளிருக்கும் தண்ணீர் போய் இறுக நாலு வாரம் வேண்டும். அவசரப்பட்டுப் பாவித்தால் கெதியில் கரைந்து போகும்.

ஒரு கட்டியில் அடையாளம் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். நிறை குறைந்து குறைந்து வந்து, ஒரு கட்டத்தில் மாறாமல் நிற்கும். அப்போது ஆயத்தம்.

பாவிக்க முன் பி.எச். தாளால் பாருங்கள். பாடசாலை ஆய்வுகூடப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கட்டியை நனைத்து, தேய்த்து, நுரையில் தாளை வைத்தால் நிறம் மாறும். 9க்கும் 10க்கும் இடையில் இருந்தால் அது சவர்க்காரத்தின் இயல்பு. 11 அல்லது அதற்கு மேல் காட்டினால் அந்தக் கட்டி உடம்புக்கு ஆகாது. பிறகு முழங்கையின் உட்பக்கத்தில் நீங்களே போட்டுக் கழுவி ஒரு நாள் பாருங்கள். மற்றவரிடம் முதலில் கொடுக்காதீர்கள். நான் மாமியிடம் கொடுத்தேன்.

நிறுக்கும் கை

எங்கள் பயிற்சியில் ஒரு தங்கச்சி இருந்தாள். 2009இல் எறிகணையில் இடது கையை மணிக்கட்டோடு இழந்தவள். பயிற்சியில் அவளை ஒரு கதிரையில் இருத்திப் பார்க்கச் சொன்னார்கள். சான்றிதழ் அவளுக்கும் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை.

என் முப்பது கட்டியும் வீணான பிறகு, நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்யத் தொடங்கினோம். தராசு அவள் கையில். ஒவ்வொரு தடவையும் திகதி, எண்ணெய், தண்ணீர், சோடா, யார் கலக்கியது, எப்போது வெட்டியது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுபவள் அவள்தான். ஒரு தடவை நான் அவசரத்தில் 87க்குப் பதில் 97 போட்டுவிட்டேன். "அக்கா, கலக்காதேங்கோ. திருப்பி நிறுங்கோ" என்று நிறுத்தினாள். அவள் சரியென்று சொல்லாமல் நாங்கள் சோடாவைத் தண்ணீரில் போடுவதில்லை. இப்போது அவளைக் கதிரையில் இருத்திப் பார்க்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.

லாபம் வருமா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் பதில் இனிப்பானதல்ல.

அரைக் கிலோ எண்ணெயில் ஏறத்தாழ 90 கிராம் நிறையுள்ள ஏழு கட்டிகள் வரும். எண்ணெய், சோடா, கடதாசி, பட்டணத்துக்குப் போன பஸ் காசு எல்லாவற்றையும் கூட்டி ஏழால் பிரியுங்கள். அதற்கு மேல் உங்கள் கூலியையும் போடுங்கள். எங்கள் உழைப்பை நாங்களே இலவசமாக எழுதக்கூடாது. பிறகு கடையில் விற்கும் கட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணெயை விலைக்கு வாங்கிச் செய்தால் விலையில் தொழிற்சாலையை வெல்ல முடியாது. 2025இன் தொடக்கத்தில் தேங்காய் விலை ஏறியிருந்தபோது நாங்கள் இரண்டு மாதம் செய்யாமலே விட்டோம். சொந்தத் தென்னை உள்ளவர்கள், கொப்பறா காயவைத்து எண்ணெய் எடுப்பவர்கள் செய்தால் கணக்கு வேறு.

ஆனால் ஒரு விடயத்தில் எங்கள் கட்டி வெல்லும். எங்கள் கிணறுகளில் பலவற்றின் தண்ணீர் வன்தண்ணீர் அல்லது உவர். கடைக்கட்டி அதில் நுரைக்காது, வாளியில் வெள்ளைப் படைதான் மிஞ்சும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் உவர்த்தண்ணீரிலும் நுரைக்கும். கடற்பயணிகள் கடல்நீரில் குளிக்கப் பயன்படுத்தியதும் இவ்வகைச் சவர்க்காரம்தான். கரையோரத்துச் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். அதைச் சொல்லி விற்றால் பொய்யில்லை. "சொறி மாறும், படை மாறும்" என்று எழுதி விற்காதீர்கள். அது மருந்தல்ல. உறையில் சேர்த்த பொருட்கள், நிறை, செய்த திகதி, உங்கள் பெயர் இருக்கட்டும். எஸ்.எல்.எஸ். அடையாளத்தை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் தராமல் நாங்களாகப் போடக்கூடாது. தொடர்ந்து விற்கப்போகிறவர்கள் வியாபாரப் பெயரைப் பதிவதுபற்றியும், உடம்புக்குப் பூசும் பொருளுக்கு வேறு அனுமதி வேண்டுமா என்பதுபற்றியும் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. மூன்று நாள் பயிற்சியை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். சான்றிதழ் கையில் கிடைத்த வாரமே குழுக்கடன் தருகிறோம் என்று படலையடிக்கு வருவார்கள். வாரத் தவணை அடுத்த வாரமே தொடங்கும். சவர்க்காரமோ நாலு வாரம் சுளகில் இருக்கும். நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. ஒரு தராசு, ஒரு கண்ணாடி, அரைக் கிலோ எண்ணெய். இவற்றைச் சீட்டுக் காசிலோ முட்டை விற்ற காசிலோ வாங்க முடியாவிட்டால், முடியும் வரை பொறுத்திருங்கள். முதல் மூன்று தடவை செய்வது வீட்டுப் பாவனைக்கே போகட்டும். கடையில் சவர்க்காரம் வாங்காமல் மிஞ்சிய காசும் வருமானம்தான்.

சோடா வேண்டாம் என்பவர்களுக்கு

கைக்குழந்தை உள்ள வீடு, கண்பார்வை குறைந்தவர்கள், முட்டு வருத்தம் உள்ளவர்கள் சோடாவைத் தொடவேண்டாம். அவர்களுக்குக் குளியல் மா இருக்கிறது. தோல் நீக்கிய பயறு 500 கிராம், கஸ்தூரி மஞ்சள் 25 கிராம், வெந்தயம் 25 கிராம். மூன்றையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, இடித்து, அரிதட்டில் அரித்து, ஈரம் படாத போத்தலில் வையுங்கள். குளிக்கும்போது ஒரு பிடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் கழுவலாம். ஈரக்கை போட்டு அள்ளினால் பூஞ்சணம் பிடிக்கும். முழுகுவதற்கு எங்கள் அம்மாமார் வைத்த அரப்பும் தேசிக்காயும் இன்றும் கைவிடவில்லை. கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

மாமியின் கை ஆறிவிட்டது. கடைக்கார அண்ணை இப்போது மாதம் பத்துக் கட்டி எடுக்கிறார். பெரிய தொகையல்ல. ஆனால் ஒவ்வொரு கட்டிக்கும் கொப்பியில் ஒரு வரி இருக்கிறது. சென்ற மாதம் புதிய கட்டியை மாமியிடம் கொடுத்தேன். நான் ஏற்கெனவே இரண்டு நாள் பாவித்த கட்டி அது. வாங்கி மணந்து பார்த்துவிட்டு, "நிறுத்தனீங்களோ?" என்று கேட்டார்.

"நிறுத்தனாங்கள் மாமி" என்றேன்.

அடுத்த இதழில் கொப்பறாவிலிருந்து வீட்டில் எண்ணெய் எடுப்பது பற்றி எழுதுகிறேன். அதற்குள் தராசு வாங்குபவர்கள் வாங்கி வையுங்கள்.